1,450 ரூபாய் அகச்சிவப்பு வெப்பமானியும் வைஸ் 0855 என்ற அண்டை வீட்டாரும்: வேலூரிலிருந்து ஒரு மதிப்புரை

சென்ற டிசம்பரில் வேலூர் ஆற்காடு சாலைப் பக்கத்தில் உள்ள ஒரு மின்னணுப் பொருள்கள் கடையில், தொடாமலே வெப்பம் அளக்கும் துப்பாக்கி வடிவக் கருவி ஒன்றை 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். ஏசி மெக்கானிக்குகளும் வண்டிப் பட்டறைக்காரர்களும் 'டெம்பரேச்சர் கன்' என்று கேட்டு வாங்குகிற அதே கருவிதான். நான் அதை வாங்கிய காரணம் வேறு. பள்ளியில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். கதிர்வீச்சுப் பாடத்தின்போது, பனிக்கட்டியை ஒத்த குளிர்ச்சியில் வைஸ் 0855 என்ற பழுப்புக் குறுமீன், அதாவது விண்மீனாக முடியாமல் போன ஒரு பொருள், நம் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது என்று சொன்னேன். "குளிர்ந்து கிடக்கிற பொருள் எப்படி சார் ஒளி விடும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்விக்குக் கரும்பலகையில் விடை எழுதிவிடலாம். ஆனால் கையில் ஒரு கருவியைக் கொடுத்து அவளே விடையைக் கண்டுகொள்ளும்படி செய்ய முடியுமா என்று பார்க்க விரும்பினேன். ஐந்து மாதங்கள் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். ஆசிரியர்களும் வானியலில் ஆர்வமுள்ள பெற்றோரும் இதை வாங்கலாமா என்று யோசிப்பவர்களாக இருந்தால், அவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் கடையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் 12:1 என்று அச்சிடப்பட்டிருந்தது. விற்பனையாளர் அதைக் காட்டி, இது 12 மீட்டர் தூரம் வரை துல்லியமாக அளக்கும் என்றார். அது தவறு. 12 பங்கு தூரத்தில் நின்றால் 1 பங்கு குறுக்களவுள்ள வட்டத்தின் சராசரி வெப்பநிலையைக் கருவி காட்டும் என்பதே அந்த விகிதத்தின் பொருள். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 8 சென்டிமீட்டர் வட்டம். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 25 சென்டிமீட்டர் வட்டம். சிவப்பு லேசர் புள்ளி குறி வைப்பதற்கு மட்டுமே உதவுகிறது; அளப்பதில் அதற்குப் பங்கு இல்லை. இதை அறியாமல் வாங்குபவர், தொலைவில் இருக்கும் சிறிய பொருளின் மேல் புள்ளியை வைத்துவிட்டு, பின்னால் இருக்கும் சுவரின் வெப்பத்தைப் படித்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது தரம். வீட்டுக்கு வந்ததும் ஒரு பாத்திரத்தில் பனிக்கட்டியை உடைத்துப் போட்டு, சிறிது நீர் ஊற்றிக் கலக்கி, அதன் மேல் கருவியைக் காட்டினேன். 0 காட்ட வேண்டிய இடத்தில் 4.3 காட்டியது. பெட்டியில் சொல்லியிருந்த பிழை வரம்பு 2 டிகிரிதான். கடைக்கு இரண்டு முறை அலைந்த பிறகே மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிக் கொடுத்தது 0.6 காட்டியது; இன்று வரை அதே அளவில் இருக்கிறது. ஆகவே ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். வாங்கிய அன்றே பனிக்கட்டிச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்பது இந்த மதிப்புரைக்கு மிக அவசியம். வெப்பம் உள்ள எந்தப் பொருளும் கதிர்வீச்சை விடுகிறது. அது எந்த அலைநீளத்தில் உச்சம் பெறும் என்பதை வியன் இடப்பெயர்ச்சி விதி சொல்கிறது. 2,898 என்ற எண்ணைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் உச்ச அலைநீளம் மைக்ரானில் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிடைத்துவிடும். 5,800 கெல்வின் சூரியனுக்கு அது அரை மைக்ரான், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளி. 310 கெல்வின் உள்ள நம் உடலுக்கு 9.3 மைக்ரான். 250 கெல்வின் உள்ள ஒரு பொருளுக்கு, அதாவது −23 டிகிரி செல்சியஸில் இருப்பதற்கு, 11.6 மைக்ரான். என் கருவி 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அகச்சிவப்புக் கதிர்களைப் படிக்கிறது. அதன் அளவெல்லை −50 முதல் 380 டிகிரி வரை.

இந்த −50 என்ற எண்ணைப் பெட்டியில் பார்த்தபோதுதான் இதையே வாங்குவது என்று முடிவு செய்தேன். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் லூமன் 2014 ஏப்ரலில் அறிவித்த வைஸ் 0855−0714 என்ற பொருளின் வெப்பநிலையை, அப்போது −48 முதல் −13 டிகிரி வரை இருக்கலாம் என்று கணித்தார்கள். ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி எடுத்த நிறமாலையை, அதாவது அலைநீளவாரியாகப் பிரித்த ஒளியை, வைத்துச் செய்த பிந்தைய கணிப்புகள் அதை உறைநிலைக்குச் சற்று மேலே கொண்டுவந்துள்ளன. எந்தக் கணிப்பை எடுத்துக்கொண்டாலும், அந்தப் பொருள் நம் எதிரே வந்து நின்றால் அதன் வெப்பத்தை இந்த 1,450 ரூபாய்க் கருவியே படித்துச் சொல்லிவிடும். வகுப்பில் இதைச் சொன்ன நாளில் பின்வரிசை வரை நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

பழுப்புக் குறுமீன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்மீனைப் போலவே வாயு முகில் சுருங்கிப் பிறந்தும், மையத்தில் ஹைட்ரஜனைத் தொடர்ந்து எரிக்கப் போதிய நிறை சேராமல் போன பொருள் அது. இப்படிப்பட்ட பொருள்கள் இருக்க வேண்டும் என்று 1960-களின் தொடக்கத்தில் கணக்கிட்டுக் காட்டியவர் இந்தியாவில் பிறந்த சிவ் எஸ். குமார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இப்போதைய பெயரை 1975-இல் ஜில் டார்ட்டர் இட்டார். ஐயத்துக்கு இடமின்றிக் கண்டறிய 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வைஸ் 0855-இன் நிறை வியாழனைப் போல 3 முதல் 10 மடங்குதான் என்பதால், அதைக் குறுமீன் என்பதா, தாய் விண்மீன் இல்லாத கோள் என்பதா என்ற விவாதமும் இருக்கிறது.

எரிபொருள் இல்லாத பொருளுக்கு வெப்பம் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் வேலூரும் இந்தக் கருவியும் கைகொடுத்தன. வெயிலூர் என்று நாமே அழைத்துக்கொள்ளும் ஊர் இது. கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் எட்டு மாணவர்களைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். பிற்பகல் மூன்று மணிக்கு மேற்குப் பார்த்த கருங்கல் சுவர் 56 டிகிரி, அகழி நீர் 32 டிகிரி, வேப்ப மரத்தின் நிழலில் இருந்த மண் 37 டிகிரி. மாலை ஆறரைக்குச் சூரியன் மறைந்த பிறகு அதே சுவர் 45 டிகிரி. இரவு பத்து மணிக்கு என் வீட்டு மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர் 37 டிகிரி. விடியற்காலை ஐந்து மணிக்கு 29. பகலில் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் மெல்ல விட்டுக்கொண்டே இருக்கும் சுவரின் அருகே கட்டில் போட்டுப் படுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பழுப்புக் குறுமீனும் அப்படித்தான்: பிறந்தபோது சுருங்கியதால் உண்டான வெப்பத்தைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக விட்டுக்கொண்டே ஆறிக்கொண்டிருக்கிறது. சுவருக்கு மறுநாள் காலையில் சூரியன் உண்டு, அதற்கு இல்லை. வயதும் வெப்பமும் தெரிந்தால் நிறையைக் கணிக்கலாம் என்பதும், வயது சரியாகத் தெரியாததால்தான் 3 முதல் 10 மடங்கு என்று இவ்வளவு அகலமாகச் சொல்கிறார்கள் என்பதும் மாணவர்களுக்கு அந்தச் சுவரின் அருகிலேயே விளங்கிவிட்டது.

கருவியின் பெரிய குறை ஒன்றும் பாடமாகவே பயன்பட்டது. பளபளப்பான உலோகத்தை இது தவறாகப் படிக்கும். என் கருவியில் உமிழ்திறன், அதாவது ஒரு பரப்பு எவ்வளவு நன்றாகக் கதிர்வீச்சை விடுகிறது என்ற அளவு, 0.95 என்று நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது, மாற்ற முடியாது. நன்றாகத் துலக்கிய பித்தளைச் சொம்பில் கொதிநீரை ஊற்றி அளந்தபோது 39 டிகிரிதான் காட்டியது. சொம்பின் ஒரு பக்கத்தில் திருநீற்றை நீரில் குழைத்துப் பூசி, அது காய்ந்து வெளுத்ததும் அந்த இடத்தில் அளந்தேன், 78 டிகிரி. ஒரே சொம்பு, ஒரே நீர், விரற்கடை இடைவெளியில் இரு எண்கள். வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரங்களிலும் இதே பிழை வரும். பழகிக் கறுத்த தோசைக்கல்லில் மட்டும் நம்பி அளக்கலாம்.

ஒரே ஓர் அலைநீளப் பட்டையை மட்டும் பார்க்கும் எந்தக் கருவியும் இப்படி ஏமாறும். வைஸ் 0855-ஐக் கண்டுபிடிக்க உதவி, அதற்குத் தன் பெயரையும் தந்த வைஸ் செயற்கைக்கோளை வடிவமைத்தவர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். 2009 டிசம்பர் 14 அன்று நாசா ஏவிய அந்தச் செயற்கைக்கோளில் 40 சென்டிமீட்டர் தொலைநோக்கிதான் இருந்தது. ஆனால் அது 3.4, 4.6, 12, 22 மைக்ரான் என்று நான்கு பட்டைகளில் வானம் முழுவதையும் படம் எடுத்தது. முதல் இரண்டு பட்டைகளைத் தேர்ந்தெடுத்த விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. குளிர்ந்த குறுமீன்களின் வளிமண்டலத்தில் மீத்தேன் இருக்கிறது, அது 3.3 மைக்ரானை ஒட்டிய ஒளியை விழுங்கிவிடும். 4.6 மைக்ரானை ஒட்டிய பகுதியில் வளிமண்டலம் வழி விடுவதால் உள்ளிருக்கும் வெப்பம் வெளியே கசிகிறது. எனவே 4.6 படத்தில் பளிச்சென்று இருந்து 3.4 படத்தில் ஏறக்குறைய காணாமல் போகும் புள்ளியைக் கண்டால், அது குளிர்ந்த குறுமீனாக இருக்கலாம் என்று அங்கேயே ஐயம் எழும். என் சொம்பின் திருநீறு பூசிய பக்கத்தையும் பூசாத பக்கத்தையும் ஒப்பிட்டது போல, அவர்கள் இரு படங்களை ஒப்பிட்டார்கள்.

கண்ணாடியின் வழியாக இந்தக் கருவி பார்க்காது என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணாடி டம்ளரில் உள்ள தேநீரின் வெப்பம் வேண்டுமென்றால் மேலிருந்து நேராகத் தேநீரை நோக்க வேண்டும்; பக்கவாட்டில் காட்டினால் டம்ளரின் சூடுதான் வரும். மாறாக, மெல்லிய கறுப்பு பாலித்தீன் பைக்குள் ஒரு மாணவனின் கையை நுழைக்கச் சொல்லி, பை தோலில் ஒட்டாதபடி விரித்துப் பிடித்து அளந்தபோது, கண்ணுக்குக் கை தெரியாவிட்டாலும் கருவி 33 டிகிரி காட்டியது. கையை எடுத்ததும் 28-க்கு இறங்கியது. கண்ணுக்கு மறைவானது அகச்சிவப்புக்கு மறைவல்ல என்பதை இதைவிட எளிதாகக் காட்டும் வழி எனக்குத் தெரியவில்லை.

இனி, நான் இந்தக் கருவியை வாங்கியதற்கே நன்றி சொல்லும் சோதனைக்கு வருகிறேன். தை மாதத்தில் மேகமில்லாத ஓர் இரவில் மொட்டைமாடியில் நின்று தலைக்கு நேர் மேலே காட்டினேன். −8 வந்தது. காற்றின் வெப்பநிலை அப்போது 21. கருவியை மெல்லச் சாய்த்துக்கொண்டே வந்தால் எண் ஏறிக்கொண்டே வந்து, அடிவானத்தை நெருங்கும்போது 15 ஆனது. சிறு மேகம் ஒன்று உச்சிக்கு வந்தபோது அங்கேயும் 9 ஆகிவிட்டது.

மாசியில் மாணவர்களை மாடிக்கு அழைத்து இதையே காட்டினேன். கிழக்கு வானில் உயர்ந்திருந்த ஆயில்யத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். அதற்குத் தெற்கே, நீட்டிய கையின் விரல் மடக்கிய முட்டி அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில், நீர்ப்பாம்பு எனப்படும் ஹைட்ரா விண்மீன் குழுவில், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத ஓர் இடத்தில்தான் வைஸ் 0855 இருக்கிறது. கேள்வியைத் தொடங்கிவைத்த அதே மாணவி கருவியை அங்கே காட்டி, "−6 காட்டுது சார், அதுவும் −13 வரைக்கும்னு சொன்னீங்களே, அப்ப இது அதுதானா?" என்றாள். இந்தத் தவறு எனக்கு விலைமதிப்பில்லாதது. கருவியை இடப்பக்கம் மூன்று முட்டி அகலம் நகர்த்தச் சொன்னேன், −6. வலப்பக்கம் நகர்த்தியும் −6. முழுநிலவையே நோக்கினாலும் எண் பெரிதாக அசையாது. கருவியின் பார்வை ஏறக்குறைய 5 டிகிரி அகலம், நிலவோ அரை டிகிரிதான். கருவி படித்தது நம் தலைக்கு மேல் உள்ள காற்றில் இருக்கும் நீராவியின் வெப்பத்தை. அடிவானத்தை நோக்கும்போது காற்றின் தடிமன் கூடுவதால்தான் எண் ஏறியது. 70 லட்சம் கோடி கிலோமீட்டர், அதாவது 7.4 ஒளியாண்டு தொலைவில் உள்ள பொருளின் வெப்பம், சில கிலோமீட்டர் காற்றின் வெப்பத்தில் அமிழ்ந்துபோகிறது. பகலில் விண்மீன் தெரியாதது போல, அகச்சிவப்புக்கு இரவிலும் வானம் பகலாகவே இருக்கிறது என்று அவளே சொன்னாள்.

அதனால்தான் காற்றுக்கு வெளியே செல்ல வேண்டியிருந்தது. அங்கே சென்றாலும் தொலைநோக்கியின் சொந்த வெப்பமே படத்தைக் கெடுக்கும் என்பதால், வைஸ் தன் தொலைநோக்கியைத் திண்ம ஹைட்ரஜனால் சுமார் −260 டிகிரிக்குக் குளிர்வித்து வைத்திருந்தது. என் கருவியிலும் இதன் சிறு வடிவத்தைக் காணலாம். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த உடனே அளந்தால் மூன்று நான்கு டிகிரி தவறும். அதன் உடல் சுற்றுப்புற வெப்பத்துக்கு வர இருபது நிமிடம் தர வேண்டும். தன் சூட்டை அறியாத கருவியால் பிறர் சூட்டை அளக்க முடியாது. ஹைட்ரஜன் 2010 செப்டம்பர் இறுதியில் தீர்ந்த பிறகும் 3.4, 4.6 மைக்ரான் பட்டைகள் மட்டும் வேலை செய்தன. அந்த ஆண்டு மே மாதம் எடுத்த படத்தையும் நவம்பரில் எடுத்த படத்தையும் ஒப்பிட்டபோதே லூமனின் புள்ளி இடம் மாறியிருந்தது. ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி 2013 ஜூனிலும் 2014 ஜனவரியிலும் எடுத்த படங்களைச் சேர்த்து, இடமாறு தோற்ற முறையில், அதாவது பூமி சூரியனைச் சுற்றுவதால் பொருள் சற்று இடம் மாறித் தெரிவதை வைத்து, லூமன் தூரத்தைக் கணித்தார். ஆண்டுக்கு 8.1 வில்விநாடி (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) என்ற அதன் நகர்வு, விண்மீன்களையும் குறுமீன்களையும் சேர்த்துப் பார்த்தால் வானில் மூன்றாவது பெரியது. இருந்தும் முழுநிலவின் அகலத்தைக் கடக்க அதற்குச் சுமார் 230 ஆண்டுகள் ஆகும். இதை அறிவித்ததற்கு முந்தைய ஆண்டான 2013-இல்தான் அதே லூமன், அதே வைஸ் படங்களிலிருந்து, 6.5 ஒளியாண்டில் ஓர் இரட்டைப் பழுப்புக் குறுமீனைக் கண்டுபிடித்திருந்தார்.

தரையிலிருந்து அதை ஆராயவே முடியாது என்று எண்ணிவிடக் கூடாது. 2016-இல் ஆண்ட்ரூ ஸ்கெமர் குழுவினர் ஹவாயில் உள்ள ஜெமினி வடக்குத் தொலைநோக்கியால், 5 மைக்ரானை ஒட்டிக் காற்று வழி விடும் சிறு சாளரத்தின் ஊடாக, 13 இரவுகள் பார்த்து நிறமாலை எடுத்து, அதில் நீராவியின் தடயத்தைக் கண்டார்கள். மொட்டைமாடியில் −6 என்ற எண்ணைத் தாமே படித்த பிள்ளைகளுக்கு, அந்த 13 இரவுகளின் உழைப்பு எத்தகையது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவர்களைப் பழைய வட ஆற்காட்டின் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு அழைத்துச் சென்றபோதும் கருவியை எடுத்துச் சென்றோம். 725 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த இடத்தில், இரண்டு நாள் முன்பு வேலூரில் கண்டதைவிட உச்சிவானம் 4 டிகிரி குறைவாகக் காட்டியது. 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் அருகில் நின்று அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிய மாணவர்கள், வானாய்வகங்களை ஏன் மலைமேல் கட்டுகிறார்கள் என்பதற்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு காரணத்தைத் தாமே கண்டுகொண்டார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு மேலும் சில. லேசரைத் தனியே அணைக்கும் பொத்தான் உள்ளதையே வாங்குங்கள். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது நான் அதை எப்போதும் அணைத்தே கொடுக்கிறேன். சூரியனை நோக்கி ஒருபோதும் காட்ட வேண்டாம், உணர்வி கெட்டுவிடும். இது காய்ச்சல் பார்க்கும் கருவி அல்ல. விற்பனையாளர் அப்படிச் சொன்னாலும் நம்ப வேண்டாம், 2 டிகிரி பிழையோடு காய்ச்சலை அளக்க முடியாது. அளவெல்லை −50-இல் தொடங்குகிறதா என்று பெட்டியில் பாருங்கள். 0-இல் தொடங்கும் கருவிகளும் விற்பனைக்கு இருக்கின்றன, அவற்றால் தை மாத வானத்தைப் படிக்க முடியாது. உமிழ்திறனை மாற்றும் வசதி உள்ள கருவிக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டால், தயங்காமல் கொடுக்கலாம். அந்த வசதி இல்லாததற்காகவே ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். திரை எட்டு விநாடியில் அணைந்துவிடுவதால், ஒருவர் அளக்கும்போது மற்றொருவர் குறிப்பேட்டோடு அருகில் நிற்பது நல்லது. ஒன்பது வோல்ட் மின்கலம் மூன்று மாதம் வந்தது. மே விடுமுறைக்கு முன் அதைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, கருவியை ஆய்வக மேசையின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கூடவே அந்தக் குறிப்பேடும், திருநீறு பூசிய சொம்பும்.